கூரைக்குத் தலைக்கணக்கா?

மன்னார்புரத்திலிருந்து துறையூர் வழியே பச்சைமலை ஏறுகிறவர் திருச்சி மாவட்டத்தைத் தாண்டுவதில்லை. மானியம் மட்டும் மலையேற மறுக்கிறது, தோழர்களே! 2021-இல் ஒன்றிய அரசு வகுத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதி இது: ஆயிரம் மாணவர்க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய், முப்பதுக்கு மேற்படாத பள்ளிக்கு 10,000.

தலைக்கு வகுத்தால் சிறிய பள்ளிக்கே மிகுதி என்பர் கணக்கப்பிள்ளைகள். மெய்தான்! முப்பதின்மர்க்குத் தலைக்கு 333 ரூபாய். ஆயிரவர்க்கு நூறுக்கும் குறைவே. ஆயின், கூரை தலையை எண்ணியா ஒழுகுகிறது? முப்பதின்மர்க்குக் கழிப்பிடத்தில் கால்பங்கு கட்டினால் போதுமா? பள்ளிக்கென அடிப்படைத் தொகை, அதன்மேல் தலைக்கணக்கு என்றல்லவா வகுத்திருக்க வேண்டும்!

மற்றொரு கொடுமை கேளீர்! முப்பத்தொருவர் இருப்பின் 25,000. பிழைப்புத் தேடித் திருப்பூர் செல்லும் தந்தை தன் ஒரே மகளை உடனழைத்துச் சென்றால், எஞ்சிய முப்பது பிள்ளைகள் 15,000 ரூபாயை இழக்கின்றனர்.