கலைக்களஞ்சியமும் நம் ஆய்வேடுகளும்

இறையியலைத் தமிழிலேயே கற்கவும் கற்பிக்கவும் இயலும் என்பது இன்று ஐயத்திற்கு இடமற்ற உண்மை. ஆயினும் நம் மாணவர் அளிக்கும் ஆய்வேடுகள் பலவற்றில் பொருள் ஆய்வுப் பொருளாக இருக்க, நடை பிரசங்க நடையாகவே நிற்கக் காண்கிறோம். பிரசங்கம் கேட்போரின் இசைவை வேண்டுவது. ஆய்வுரையோ படிப்போரின் சோதனைக்குத் தன்னை ஒப்புவிப்பது. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளக் கொங்கு நாட்டார் ஒருவரின் பணி நமக்கு நல்ல அளவுகோலாகும்.

ஈரோட்டுப் பகுதியில் 1908இல் பிறந்த பெ. தூரன், கோவையையடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராயிருந்தவர். தி. சு. அவினாசிலிங்கம் முன்னின்று நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்திற்கு முதன்மைப் பதிப்பாசிரியர். அதன் முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாவது 1963இலும், இணைப்பாகிய பத்தாவது 1968இலும் வெளிவந்தன.

அறிவியல் முதல் சமயம் வரை எல்லாத் துறைகளையும் தெளிந்த உரைநடையில் கூற முயன்றது இதன் தலையாய சிறப்பு. கட்டுரை எடுத்த எடுப்பில் பொருளை வரையறுக்கிறது, பின்பே விரிக்கிறது. வியப்புக் குறிக்கும் வேண்டுகோளுக்கும் அங்கு இடமில்லை. நம் ஆய்வேடுகளில் முதல் மூன்று பக்கங்கள் தோத்திரமாகவும் பொதுக்கூற்றாகவும் கழிவதை இதனோடு ஒப்பிட்டால் குறை விளங்கும்.

தூரனிடம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. சுதேசமித்திரனின் பழைய இதழ்களைப் புரட்டிப் பாரதியாரின் எழுத்துகளைத் தேடியெடுத்து, 1953இல் ‘பாரதி தமிழ்’ என்னும் நூலாக அவர் அளித்தார். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாது மூலத்தை நாடிச் சென்ற உழைப்பு அது.

எனினும் கலைக்களஞ்சியத்தை முழுமையும் பின்பற்றுதல் நமக்குத் தகாது. களஞ்சியக் கட்டுரை முடிந்த முடிபுகளைத் தொகுத்துரைப்பது; ஆய்வேடோ ஒரு வினாவிலிருந்து பிறக்க வேண்டுவது. சான்றாக, இலண்டன் மிஷன் ஊழியர் ஆடிஸ் 1830இல் கோவைக்கு வந்தார் என்பது செய்தி. அதனையும் அவர்தம் பணிகளையும் நிரல்பட எழுதிவிட்டால் ஆய்வாகிவிடாது. அறிக்கைகளை எழுதியோர் யார், யாருக்காக எழுதினர், சபையில் சேர்ந்த எளிய மக்களைப்பற்றி அவை எதனைச் சொல்லாது விட்டன என்று வினவும்போதே ஆய்வு தொடங்குகிறது. மிஷன் அறிக்கை ஒன்றையே நம்பி எழுதுபவர், ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரளவில் நிற்கும் அம்மக்களை இரண்டாம் முறையும் மறைத்துவிடுகிறார். பதிவேட்டையும் முதியோரின் வாய்மொழியையும் அறிக்கையோடு ஒத்துப் பார்த்து, வேறுபடுமிடத்தை மறையாது காட்டுதலே நேர்மை.

இதற்குரிய பயிற்சி அரியதன்று. குறிப்பெடுக்கும்போது நூலாசிரியரின் சொற்களையும் நம் கருத்தையும் வெவ்வேறாக எழுதிவைத்தல் வேண்டும். பக்க எண்ணை அப்பொழுதே குறித்தல் வேண்டும். ஆங்கில நூலைப் படித்தபின் அதனை மூடிவைத்துவிட்டு, கற்றதைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதிப் பார்த்தல் வேண்டும். எழுத இயலவில்லையெனில் பொருள் இன்னும் விளங்கவில்லை என்பதே கருத்து. சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைப்பது இக்குறையை மறைக்குமேயன்றி நீக்காது.

தாம் எழுதுமுன் யாவற்றையும் ஆதிமுதல் விசாரித்தறிந்ததாக லூக்கா தம் சுவிசேஷத்தின் முகவுரையில் கூறுகிறார். விசுவாசத்திற்கு விசாரணை பகையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. நாளை பிரசங்க பீடத்தில் நிற்கப்போகும் மாணவர், இன்று சான்றின்றி எழுதப் பழகுவாராயின், அங்குச் சான்றின்றிப் பேசவும் துணிவர். ஆகவே ஆய்வேட்டைத் திருத்துதல் மதிப்பெண்ணைப்பற்றிய காரியமன்று. சபையின் நம்பிக்கையைக் காக்கும் பணியாகும்.