குதிரைத் திறனைத் தாண்டி

டிராக்டரைக் குதிரைத் திறனால் பிரிப்பது வழக்கம். ஏறத்தாழ 20-க்குக் கீழே மினி, 50-ஐத் தாண்டினால் பெரிது. எனக்குப் பிடித்தது மினிதான். சக்கர இடைவெளி குறைவு. தென்னை வரிசைகளுக்கு நடுவே நுழைந்து, மரத்தில் உரசாமல் திரும்பும் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நெல் வயலில் கதை வேறு. இரும்புக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கினால் எடையே பகை. வண்டி புதையும், அடிமண்ணும் இறுகும். காய்ந்த கரிசலில் சட்டிக் கலப்பை இழுக்கவோ அதே எடைதான் துணை. இல்லாவிட்டால் டயர் சுழலும், வண்டி நகராது. எத்தனை நுட்பமான கணக்கு!

ரோட்டவேட்டருக்காக வாங்குகிறவர்கள் எஞ்சின் திறனோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறனையும் கேளுங்கள். அது எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.