ரப்பர், பலபடிகளின் நுண்ணலை மின்காப்பு அளவீடு: அலைவழிகாட்டி முறை குறித்த ஒரு மதிப்பீடு

ரப்பர், பலபடி ஆகியவற்றின் மின்காப்பு மாறிலியையும் இழப்பு விகிதத்தையும் நுண்ணலை அதிர்வெண்களில் அறியப் பெரிதும் கையாளப்படுவது அலைவழிகாட்டி முறையாகும். செவ்வக உலோகக் குழாயினுள் மாதிரியைப் பொருத்தி, அது எதிரொளிக்கும் அலையையும் அதனை ஊடுருவும் அலையையும் அளந்து, நிக்கல்சன், ராஸ் (1970), வீர் (1974) ஆகியோர் வகுத்த சமன்பாடுகளால் பண்புகளைக் கணிப்பர். சமன்பாடுகளில் குறையில்லை. எல்லாப் பொருளுக்கும் இதுவொன்றே போதும் என்னும் எண்ணமே ஐயத்திற்குரியது.

டெஃப்லானை எடுத்துக்கொள்வோம். 10 கிகாஹெர்ட்சில் அதன் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2.1, இழப்பு விகிதம் 0.0003 அளவிலானது. 10 மி.மீ. நீள மாதிரியைக் கடக்கையில் அலை இழப்பது 0.005 டெசிபலுக்கும் குறைவே. குழாய் இணைப்பைக் கழற்றி மீண்டும் பூட்டினாலே இதனினும் மிகுந்த வேறுபாடு நேரலாம். அவ்வாறிருக்க, இம்முறையில் பெற்ற இழப்பு விகிதத்தை நான்கு பதின்ம இலக்கங்களில் குறிப்பதற்குப் பொருளில்லை. சில வேளைகளில் எதிர்க்குறி மதிப்பும் கிடைக்கும். அப்புள்ளிகளை வரைபடத்திலிருந்து சொல்லாமல் நீக்கிவிடுவது தீர்வாகாது. மாதிரியின் நீளம் அதனுள் அமையும் அரை அலைநீளத்தை, இங்கு ஏறத்தாழ 11.6 மி.மீ., நெருங்கும்போது எதிரொளிப்பு அற்றுப்போய்க் கணிப்பு நிலைகுலைகிறது. 1990இல் பேக்கர்-ஜார்விசும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மீள்செய்கை முறை இந்நிலைகுலைவை நீக்கியது. எனினும் மிகக் குறைந்த இழப்பை அளக்க ஒத்ததிர்வுக் குழிவே ஏற்றது.

கார்பன் பிளாக் சேர்த்த ரப்பரில் சிக்கல் வேறு. குழிவில் இட்டால் ஒத்ததிர்வு மழுங்கிவிடும் என்பதால் அலைவழிகாட்டியை நாடுவது முறையே. ஆனால் இங்குக் காற்றிடைவெளி குறுக்கிடுகிறது. 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை பயன்படும் குழாயின் உள்ளுயரம் 10.16 மி.மீ.; மின்புலம் அவ்வுயரத்தின் வழியே அமைகிறது. அத்திசையில் 0.1 மி.மீ. இடைவெளி இருப்பின், தொடர்மின்தேக்கிக் கணக்கின்படி 2.1 என்னும் மாறிலி 2.08 ஆகத் தோன்றும். பிழை 1 விழுக்காடு. 20 என்னும் மாறிலியோ 16.8 ஆகச் சரிந்துவிடும். டெஃப்லானில் பொறுக்கத்தக்க தளர்வு, கார்பன் பிளாக் செறிந்த ரப்பரில் முடிவையே மாற்றிவிடுகிறது. திருத்தச் சமன்பாடு உண்டெனினும், அது இடைவெளி சீரானதெனக் கொள்கிறது. கத்தியால் வெட்டிய ரப்பரின் விளிம்பு அவ்வளவு சீராக இருப்பதில்லை.

இடைவெளியைத் தவிர்க்க மாதிரியைச் சற்றுப் பெரிதாக வெட்டி அழுத்திப் புகுத்துவோர் உளர். உலோகத்தையோ பீங்கானையோ அறிந்த கை செய்யும் வேலை இது. ரப்பர் அழுந்துகிறது, அழுந்தும்போது அதனுள் அமைந்த கார்பன் வலையமைப்பும் குலைகிறது. சிறு திரிபிலேயே இது நிகழ்வதைப் பெய்ன் விளைவு முன்னரே உணர்த்தியுள்ளது. அளக்க வந்த பண்பை அளவீடே மாற்றிவிடுகிறது. மாதிரியின் மேல், கீழ் முகங்களில் கடத்தும் பசை பூசி மெல்லப் பொருத்துவது இதனினும் நன்று.

ரப்பர்ச் சுயவிவரங்களை நுண்ணலையால் வல்கனைஸ் செய்யும் ஆலைகளில் வழக்கமான அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், வெப்பநிலையோ 150 பாகை செல்சியசுக்கும் மேல். இயற்கை ரப்பர் முனைவற்றது. தானாக எளிதில் சூடேறாது. அதில் சேர்க்கும் கார்பன் பிளாக்கே ஆற்றலை ஏற்கிறது. அறை வெப்பநிலையில், 10 கிகாஹெர்ட்சில் அளந்த மதிப்பைக் கொண்டு அவ்வாலைக்குரிய சூடேற்றத்தைக் கணிக்கும் கட்டுரை, மாதிரி பொருத்தப்பட்ட விதத்தையும் சொல்லாதுவிடின், அதன் எண்களை மற்றோர் ஆய்வகம் சரிபார்க்க இயலாது.