புளிப்பின் பக்குவம்

ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், என் கண் முதலில் தேடுவது மோர்மிளகாயைத்தான். காப்பிக்கொட்டை நிறத்தில் பொரிந்திருக்க வேண்டும். கடித்ததும் நொறுங்கி, உறைப்புக்கு முன்னால் உப்பும் புளிப்பும் நாக்கில் ஏற வேண்டும். கருகிவிட்டால் கசப்புதான் மிஞ்சும். கீறிய பச்சை மிளகாயை உப்பிட்டுப் புளித்த மோரில் ஊறப் போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றித் தீரும்வரை இது தொடரும். ஆண்டுக் கடைசி அடைமழையில் இது நடக்காது; மழை ஓய்ந்த பிறகு வரும் வெயிலைத்தான் நம்ப வேண்டும்.

மோர்க்குழம்பு இதைவிட நுட்பமானது. புளிப்பால் ஏற்கெனவே உறைந்திருக்கும் பால்புரதம் சூடேறினால் மேலும் இறுகி நீரைப் பிழிந்து தள்ளும், குழம்பு திரிந்துபோகும். ஊறவைத்த அரிசியையும் கடலைப்பருப்பையும் தேங்காயோடு அரைத்துக் கரைக்கிறோமே, அந்த மாவுச்சத்துதான் காவல். புரதத்தைத் திரளவிடாமல் தடுக்கும். தேங்காய் அன்று துருவியதாக இருக்கட்டும். பொந்தியான், பத்து பகாட் பக்கம் தென்னை வளரும் மாநிலத்தில் இருந்துகொண்டு தேங்காய்ப்பொடியைத் தேடுவது அநியாயம்! நீர்ப்பூசணி வெந்ததும் மோரை ஊற்றி, சிறு தீயில், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்த மோர்க்குழம்பை எந்தத் தாளிப்பும் காப்பாற்றாது.

இந்த ஊர் வெக்கையில் காலையில் உறைந்த தயிர் மாலைக்குள் புளிப்பேறிவிடும். அதைப் பார்த்துப் பயன்படுத்துவதே கைப்பக்குவம். குடிக்க இளம்புளிப்பு, குழம்புக்கு அதற்கு மேல் ஒரு படி, மிளகாய்க்கும் ரவா தோசைக்கும் நன்றாகப் புளித்தது.

சீனர் கடைகளின் பட்டர்மில்க் கோழியில் பெரும்பாலும் மோர் இருப்பதில்லை. வெண்ணெய், சுண்டக் காய்ச்சிய டின்பால், சிலி பாடி, கறிவேப்பிலை. வெண்ணெயில் பொரியும் கறிவேப்பிலை மணத்துக்காகவே அதை விரும்பிச் சாப்பிடுவேன். ஆனாலும் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டுகிறது. புளிப்பு இருந்தால் அந்தக் கொழுப்பை வெட்டியிருக்கும்.

கேக் சுடுகிறவர்கள் பலர் மோருக்குப் பதிலாகப் பாலில் எலுமிச்சை பிழிகிறார்கள். சோடா உப்பு பொங்க அது போதும். நொதித்த மணம் மட்டும் வராது. வீட்டுத் தயிரைக் கடைந்து ஊற்றிப் பாருங்கள். அதன் லாக்டிக் அமிலம் சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பி மாவை உப்பச் செய்யும். கலந்த மாவை உடனே அவனில் வைத்துவிடுங்கள். தாமதித்தால் வாயு வெளியேறி கேக் தட்டையாகிவிடும்.