நாதசுரத்தில் நாவின் இடம்

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகப் பெருவிழாவின்போது பஞ்சரத பவனி நிகழுங்கால், நாதசுரம் கேட்டு நிற்போர் பெரிதும் வியப்பது வித்துவானின் விரல் வேகத்தையே. விரல் கண்ணுக்குத் தெரிவது. நாவோ வாயினுள் மறைந்து தொழிற்படுவது. ஆயினும் வாசிப்பின் தரத்தை ஆராய்வோர் முதற்கண் நோக்கவேண்டியது அந்நாவையே.

கொம்பு, எக்காளம் முதலிய உலோக ஊதுகருவிகளுக்கு விரல்துளை இல்லை. உதட்டின் அதிர்வே ஒலியைப் பிறப்பிக்கும். நா அதனைத் தொடக்கியும் அறுத்தும் தரும். நாதசுரத்தில் அதிர்வது உதடன்று, சீவாளி. அதற்கு ஏழு விரல்துளைகள் உண்டு. எனினும் நாவின் தொழில் இங்கும் அதுவே. நுனிநா சீவாளியைத் தொட்டு விலகும்போது 'து' என்னும் எழுத்தின் சாயல் பிறக்கும். இதனைத் துத்துகாரம் என்பர். நாவை அடிக்காது ஒரே மூச்சில் சுரங்களை இழைத்துச் செல்வது அகாரம். பிரான்சு நாட்டு ஆர்பன் 1864இல் வெளியிட்ட கோர்னெட் பயிற்சி நூலும் 'து', 'கு' என்னும் அசைகளைக் கொண்டே நாவைப் பழக்குகின்றது. கருவி வேறாயினும் நாவின் இலக்கணம் நெருங்கியதே.

இவ்விரண்டும் எங்கெங்குப் பொருந்தும் என்பதே திறனாய்வுக்குரிய வினா. மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. அங்கே தவிலின் சொற்கட்டோடு ஒத்து நடக்கத் துத்துகாரம் வேண்டும். ஆலாபனையில் அதுவே மிகுமாயின் இராகம் துண்டுபட்டுவிடும். கீர்த்தனையில் அகாரமே நிறைந்தாலோ, சொல் கரைந்து மெட்டு மட்டும் எஞ்சும். பாட்டை அறிந்தவன், சொல் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் வாசிப்பிலிருந்தே உணரவேண்டும்.

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களின் தோடி ஆலாபனையில் நாவின் அடி துருத்தித் தோன்றுவதில்லை. மூச்சே இராகத்தை நடத்திச் செல்கின்றது. அவர்தம் மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம், 'கொஞ்சும் சலங்கை' (1962) திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு எதிர்குரலாக வாசித்தார். குரலுக்குக் கருவி ஈடுகொடுத்தது விரலால் மட்டுமன்று. பாடுவோர் நா எழுத்தை ஒலிப்பதுபோல் அவர் நா சுரத்தை ஒலித்தமையாலுமாம்.

கருவிக்கு மொழி வேண்டுவதில்லை, விரைவே அதன் தனியழகு என்பாரும் உளர். சுரக்கோவைக்கு அது பொருந்தலாம். தேவாரமும் திருப்புகழும் வாசிக்கப்படும் கோயிலிற் பொருந்தாது. அங்கே சொல் மறைந்தால் வழிபாட்டின் ஒரு பகுதியே மறைகின்றது. விரைவுக்கு மட்டும் சபாஷ் சொல்லும் அவை, விரைவை மட்டுமே பெறும். ஆதலால் இக்குறை வித்துவான்களை மட்டும் சார்ந்ததன்று, கேட்போரையும் சார்ந்தது. அடுத்த திருவிழாவில் மாணவர் சிறிதுநேரம் விரலை நோக்காது செவியை மட்டும் செலுத்துவாராயின், நாவின் அருமை தானே விளங்கும்.