சூரியனுக்கு எதிரே ஒரு ஃப்ளாஷ்

மெரினாவில் சூரியன் கடலில் எழும். மறைவதோ நகரத்துக்குப் பின்னால். கடலில் இறங்கும் சூரியனோடு ஆளைப் படமெடுக்க மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும். எனக்குப் பிடித்த இடம் கேரளத்தின் வர்க்கலா. செம்பாறைக் குன்று, அதன் காலடியில் மணல்.

மாடலைச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தினால் முகம் இருண்டுவிடும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துப்போகும். இந்த இக்கட்டைத் தீர்ப்பது, கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்த ஃப்ளாஷ். கேமராவின் தலையிலேயே இருந்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே பிடித்தால் மூக்கோரம் மெல்லிய நிழல் விழும், கன்னத்தின் வளைவு எழுந்து வரும்.

என்னை மயக்குவது ஷட்டர் வேகம். 1/200 நொடியிலிருந்து 1/100க்கு இறக்கினால் வானத்தில் ஒளி கூடும். ஃப்ளாஷ் பட்ட முகம் அநேகமாக அப்படியே இருக்கும். ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள், தனித்தனிக் கடிவாளங்கள்! ஃப்ளாஷின் முன் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்ட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பொன்னிற அந்தியில் முகம் மட்டும் நீலம் பாரித்து நிற்கும்.

சூரியன் கடலைத் தொட்டபின் முழுதும் மறைய 2 நிமிடம் சொச்சம்தான். ஃப்ளாஷில் மாட்டிய, காற்று பிடுங்கப் பார்க்கும் சாஃப்ட்பாக்ஸை இறுகப் பிடித்திருக்கும் உதவியாளருக்கு அந்தப் படத்தில் பாதிப் பங்கு உண்டு. சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டாதீர்கள். அதன் பிறகுதான் வானம் செம்மையும் ஊதாவுமாகக் கனியும். ஃப்ளாஷின் பவரைக் குறைத்து இன்னும் பத்துப் படம் எடுங்கள்.