பகடையும் தெருவும்

பிஸினஸ் பலகையில் மும்பையை வாங்கலாம், கொல்கத்தாவை அடமானம் வைக்கலாம். துட்டு இருந்தால் போதும். இந்த ஆட்டத்தின் மூலம் எதிரான நோக்கத்தில் பிறந்தது. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்டம்’, நிலவாடகை எப்படி ஊரைச் சுரண்டுகிறது என்று காட்ட உருவானது. 1935-இல் மோனோபொலியாகச் சந்தைக்கு வந்தபோது வாடகை பிடுங்குவதே வெற்றி என்றாகிவிட்டது. பலகையில் உள்ளவை அட்லாண்டிக் சிட்டியின் தெருப்பெயர்கள். அந்நகரில் கறுப்பர்களுக்கு அப்போது கடற்கரைகூடத் தனி. அதே முப்பதுகளில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் கறுப்பர் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கியது. பலகை இதையெல்லாம் மறைத்துவிட்டு எல்லோர் கையிலும் ஒரே பகடையைக் கொடுக்கிறது.

இதைத் திருத்த நினைக்கும் ஆசிரியர்கள் சிலருக்குக் குறைந்த கையிருப்புடன் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். இதுதான் எனக்கு உடன்பாடில்லாத இடம். ஒதுக்கல் இங்கே வறுமையாகச் சுருங்கிவிடுகிறது. தூத்துக்குடியில் வீடு தேடிப் பாருங்கள். அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் “நீங்க எந்தப் பக்கம்? குலசாமி எது?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பதிலைக் கேட்டதும், “இப்பத்தான் ஒருத்தர் பேசிட்டுப் போனாரு.” கேட்பவர் சாதிப் பேரைச் சொல்லவே மாட்டார், அதுதான் நாகரிகம்! துட்டு வந்தால் கட்டம் மாறும் என்ற விதி எவ்வளவு பொய் என்பதற்கு இதே மாவட்டத்துக் கொடியங்குளம் சாட்சி. வளைகுடாச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்த தலித் கிராமம் அது. 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்து வீட்டுப் பொருட்களை உடைத்தது, பாஸ்போர்ட்டுகளையும் சான்றிதழ்களையும் அழித்தது.

வேடம் மாற்றி ஆடினால் என்ன என்று கேட்கலாம். 1968-இல் அயோவா மாநிலத்தின் ரைஸ்வில்லில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை கண்ணின் நிறத்தை வைத்துப் பிள்ளைகளை மேல், கீழ் என்று பிரித்தார். பிறகு முறையை மாற்றினார். வகுப்பு முழுக்க வெள்ளைப் பிள்ளைகள், அதனால் சாத்தியமாயிற்று. நம் வகுப்பில் காலனிப் பிள்ளையும் தெருப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். ஒருத்திக்கு அது வேடம். இன்னொருத்திக்கு அவள் வீடு. அவள் தன்னையே நடித்துக் காட்டி மற்றவர்களுக்குப் பாடம் ஆக வேண்டுமா?

ஆராயப்பட வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அவருடைய கேள்விகளை, அவர் கேட்கும் வரிசையிலேயே பிள்ளைகள் சீட்டுகளில் எழுதட்டும். எந்தக் கேள்வி யாருக்கு வராது என்று பிரித்து அடுக்கட்டும். ஆட்டத்தை நடத்தும் வாத்தியாரும் இந்த ஊரில் தான் என்ன பதில் சொல்லி வீடு பிடித்தார் என்று ஒரு சீட்டு எழுதிப் போடட்டும்.